எழுந்திருக்க மறுத்த மடிக்கணினி

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. இரவு மணி பதினொன்று இருக்கும். தில்லியின் குளிரைப் பற்றி இங்கு வாழும் அன்பர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, மடிக்கணினியை மடிமேல் வைத்து, விசையை அழுத்தினேன். திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஆய்வேட்டைத் துறை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கடைசி இயலில் இரண்டு அட்டவணைகளைத் திருத்தினால் வேலை முடிந்தது. இரண்டு மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கணினியைச் செய்தவர்களின் முத்திரை திரையில் தோன்றியது, மறைந்தது. அதன் பிறகு வழக்கமாக வரும் கடவுச்சொற் கட்டம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. ஓடி, ஓரிடத்தில் நின்றுவிட்டன. நின்ற வரியின் முதற் சொற்கள் "கர்னல் பானிக்" என்பவை. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. அணைத்து மீண்டும் போட்டேன். அதே வரி, அதே மினுக்கல். மூன்றாம் முறையும் அப்படியே.

அடுத்த அறைத் தம்பி எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணே, இங்கிலீஷிலே திட்டுதா?" என்றான்.

"திட்டினாலும் பரவாயில்லை தம்பி. பீதி அடைந்துவிட்டதாம்" என்றேன்.

எனக்கும் பீதிதான். அதற்கு என் ஆய்வேடு ஒன்று மட்டும் காரணமன்று. அதற்கு முந்திய ஆண்டு, நம் விடுதியிலேயே தங்கி வரலாறு பயின்ற நண்பர் ஒருவருக்கு இதே போன்ற சோதனை வந்தது. அவருடையது விண்டோஸ் கணினி. அப்டேட் ஒன்று முடிந்து, மறுபடி தொடங்கும்போது நீலத்திரை காட்டி விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. நேரு பிளேஸ் கடைத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கடைக்காரர் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "ஃபார்மட் கர்னா படேகா" என்றார். நண்பர் தில்லிக்கு வந்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. இந்தி பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டார். ஒன்றரை மணி நேரத்தில் கணினி பளிச்சென்று எழுந்து வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தம் ஊர்ப் பக்கத்துக் கைத்தறி நெசவாளர்களில் முதியவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள். அத்தனையும் போயின. பேசியவர்களில் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர். அவர்களை மறுபடி போய்க் கேட்க முடியாதல்லவா?

துடைத்த வட்டிலிருந்து கோப்புகளை மீட்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அவரும் முயன்றார். பழைய சுழலும் வட்டாக இருந்தால் ஓரளவு கிடைத்திருக்கும். இக்காலத்து எஸ்.எஸ்.டி. வட்டுகளில் 'ட்ரிம்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. எந்தெந்த இடம் இனி வேண்டாதது என்று இயங்குதளம் வட்டுக்குச் சொல்லிவிடும். வட்டு அவ்விடங்களைத் தானே காலி செய்துகொள்ளும். ஆகவே அங்கே தேடுவது பெரும்பாலும் வீண் வேலை.

இப்போது எனக்குத் தெரிந்த ஒன்றை அன்றைக்கு அவரும் அறியார், நானும் அறியேன். அப்டேட்டுக்குப் பின் எழ மறுக்கும் கணினியில், பெரும்பாலான வேளைகளில், நம் கோப்புகளுக்கு யாதொரு தீங்கும் நேர்ந்திருப்பதில்லை. எழும் வழியில் ஏதோ ஓரிடத்தில் அது தடுக்கி நிற்கிறது, அவ்வளவே. எந்த இடத்தில் நின்றது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. வட்டைத் துடைப்பது கடைசி வேலை. பலருக்கு அந்தக் கடைசி வேலை தேவைப்படுவதே இல்லை.

நான் பொருளாதாரம் படிக்கிறவன். கணினித் துறை நண்பர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு, பிழையிருந்தால் அடுத்த இதழுக்கு எழுதட்டும்.

கணினி எழுந்திருப்பது ஒரே செயலன்று. அது கைமாறிக் கைமாறி நடக்கும் ஒரு பயணம். நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸை நினைத்துக்கொள்ளுங்கள். புதுதில்லியில் வண்டியை எடுத்த ஓட்டுநரே சென்னை வரையில் ஓட்டுவதில்லை. வழியில் ஒருவர் இறங்கி மற்றொருவரிடம் ஒப்படைப்பார்; அவர் இன்னொருவரிடம். வண்டி நாகபுரிக்கு அப்பால் நின்று போனால், தில்லி ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. சென்னை நிலையத்தில் விசாரித்தும் பயனில்லை. கணினியும் அப்படித்தான்.

விசையை அழுத்தியவுடன் விழிப்பது, தாய்ப்பலகையில் ஒரு சில்லுக்குள் பதித்து வைத்த சிறு நிரல். முன்பு பயாஸ் என்றார்கள். இப்போதுள்ள வகைக்கு யு.இ.எஃப்.ஐ. என்று பெயர். நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, வட்டு இருக்கிறதா என்று சோதித்து, முத்திரையைக் காட்டிவிட்டு, அது வேலையை பூட் லோடரிடம் ஒப்படைக்கும். லினக்ஸ் உள்ள கணினிகள் பலவற்றில் அதற்குக் கிரப் என்று பெயர். கிரப்பின் பணி சிறியது: வட்டிலிருந்து கர்னலைத் தேடி எடுத்து, நினைவகத்தில் ஏற்றி, "இனி உன் பாடு" என்று விட்டுவிடுவது.

கர்னல் என்றால் ஆங்கிலத்தில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. இயங்குதளத்தின் பருப்பு அதுவே. நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டைப் படிப்பது, விசையும் திரையும் சொன்னதைக் கேட்பது எல்லாம் அதன் ஆட்சி. லினக்ஸ் கர்னலை முதலில் எழுதியவர் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக் கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள், பொழுதுபோக்காக இப்படி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் என்று அவர் அறிவித்தபோது வயது 21. நம் விடுதியில் பொழுதுபோக்காகக் கேரம் ஆடுகிறோம்.

கர்னல் நிலைபெற்றபின், கோப்பமைப்பைத் திறந்து, மற்ற சேவைகளை ஒவ்வொன்றாக எழுப்பும் நிரலுக்கு வழிவிடும். கடைசியாக நம் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முகப்பு வரும். நாம் காண்பது இந்தக் கடைசி நிலையத்தை மட்டுந்தான்.

இனி, என் திரையில் நின்ற வரிக்கு வருகிறேன். நான் முதலில் படிக்காமல் விட்டது அதைத்தான். ஆங்கிலத்தில் சிவப்போ வெள்ளையோ ஏதோ நீளமாக வந்தால் நாம் படிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அணைத்துவிடுகிறோம். தம்பிதான் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். அந்த வரியின் பொருள் இது: "மூலக் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை, அறியாத வட்டுப் பகுதி, பூஜ்யம், பூஜ்யம்."

இந்த இரண்டு பூஜ்யங்கள்தாம் துப்பு. எழுத்துகள் ஓடினவென்றால் முத்திரை காட்டிய நிரல் தன் கடமையைச் செய்துவிட்டது. கிரப்பும் செய்துவிட்டது, கர்னல் வந்து சேர்ந்துவிட்டது. வந்த கர்னல் வட்டைத் தேடியிருக்கிறது. ஒரு வட்டும் அதன் கண்ணில் படவில்லை. வட்டு செத்துப் போயிற்றா என்றால், அதுவும் இல்லை. கர்னலே அந்த வட்டிலிருந்துதானே எடுக்கப்பட்டது!

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. வட்டைப் படிக்க வேண்டுமானால் அதற்குரிய டிரைவர் கர்னலிடம் இருக்க வேண்டும். டிரைவர்களோ வட்டுக்குள் இருக்கின்றன. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். இந்தச் சிக்கலைத் தீர்க்க, கர்னலுடன் கூடவே ஒரு சிறு மூட்டையையும் கிரப் நினைவகத்தில் ஏற்றி வைக்கும். வட்டைத் திறக்க வேண்டிய டிரைவர்கள் அதில் இருக்கும். வட்டு முழுவதையும் மறையாக்கிப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு, கடவுச்சொல் கேட்டுப் பூட்டைத் திறக்கும் நிரலும் அதிலேயே இருக்கும். அதன் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். வாயில் நோகிற பெயர்; நாம் சாவிக்கொத்து என்றே வைத்துக்கொள்வோம். சாவிக்கொத்து ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனி. புதிய கர்னல் வந்தால் புதிய கொத்து செய்தாக வேண்டும்.

என் கணினியில் புதிய கர்னல் வந்திருந்தது, கொத்து வரவில்லை. ஏன் வரவில்லை?

குற்றம் என்னுடையது. அந்த வாரம் திங்கட்கிழமை இரவு அப்டேட் வந்தது. சரி என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தபோது, முடிவில் "சாதனத்தில் இடமில்லை" என்றொரு வரி இருந்தது. வட்டில் நூறு ஜி.பி.க்கு மேல் காலியாகக் கிடக்கிறதே, இதென்ன உளறல் என்று எண்ணி மூடிவிட்டேன்.

உளறியது கணினியன்று. வட்டு முழுவதையும் பூட்டி வைக்கும் ஏற்பாட்டில், கர்னலும் சாவிக்கொத்தும் மட்டும் பூட்டுக்கு வெளியே ஒரு தனி அறையில் இருக்கும். இல்லாவிட்டால் கிரப்பால் அவற்றை எளிதில் எடுக்க இயலாது. அந்த அறைக்கு பூட் பகுதி என்று பெயர். என் கணினியில் அதன் அளவு 500 எம்.பி. மட்டுமே. ஒரு கர்னலும் அதன் கொத்தும் சேர்ந்து 100 எம்.பி.க்கு மேல் பிடிக்கும். பழையவற்றை நீக்காமல் நான் நான்கு கர்னல்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஐந்தாவது வந்தது. பருப்பு நுழைந்தது, சாவிக்கொத்துக்கு இடமில்லை. பட்டியலிலோ புதியதன் பெயரே முதலாவதாக ஏறிவிட்டது. பெரிய வீட்டில் பத்து அறை காலியாக இருந்தும், திண்ணை நிரம்பிவிட்டபடியால் விருந்தாளி தெருவில் நின்ற கதை.

திங்கட்கிழமை நடந்தது வெள்ளிக்கிழமைதான் வெளிப்பட்டது. இதையும் கவனிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை நடுவழியில் மாற்றுவது வழக்கமில்லை. புதியது அடுத்த தொடக்கத்தில்தான் பதவி ஏற்கும். நாமோ மடிக்கணினியை முழுதும் அணைப்பதில்லை. மூடுகிறோம், திறக்கிறோம். நான்கு நாள் அப்படியே ஓட்டினேன். வெள்ளிக்கிழமை மாலை மின்கலம் தீர்ந்து தானாக அணைந்தது. அதனால்தான் "இன்றைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லையே!" என்று எல்லாரும் அங்கலாய்க்கிறோம். செய்தது நான்கு நாளைக்கு முன்பு.

தம்பியும் நானும் அவனுடைய கணினியில் தேடிப் படித்து இவ்வளவையும் புரிந்துகொள்வதற்குள் மணி ஒன்று. அதன் பின் நடந்த வைத்தியம் முக்கால் மணி நேரந்தான்.

முத்திரை மறைகிற தறுவாயில் எஸ்கேப் விசையை ஒரு முறை அழுத்தினேன். (பழைய பயாஸ் வகைக் கணினியானால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இருக்க வேண்டும். எஸ்கேப்பைப் பல முறை தட்டினால் பட்டியலைத் தாண்டிக் கட்டளை வரிக்குப் போய்விடும். பயப்படாமல் மறுபடி தொடங்கலாம்.) கிரப்பின் பட்டியல் வந்தது. அதில் இரண்டாவதாக, மேம்பட்ட தேர்வுகள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதற்குள் போனால் என் பழைய கர்னல்கள் வரிசையாக நின்றன. கடைசி எண்ணில் மட்டுந்தான் வேறுபாடு. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து என்டரை அழுத்தினேன்.

கடவுச்சொல் கேட்டது. அந்தக் கட்டத்தைப் பார்த்து மனிதன் இவ்வளவு மகிழ்வான் என்று நான் எண்ணியதில்லை. முகப்பு வந்தது. ஆய்வேடு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அட்டவணைகளும் திருத்தாதபடியே இருந்தன.

உடனே பழுது பார்க்கத் தொடங்கவில்லை. தம்பி தடுத்தான். "அண்ணே, முதல்லே காப்பி எடுங்க" என்றான். வயதில் இளையவன் ஆனாலும் சொன்னது சரி. ஆய்வேட்டையும் தரவுகளையும் பென்டிரைவில் ஒரு படி, அவன் கணினியில் ஒரு படி எடுத்து வைத்தோம். அதன் பிறகு எது நேர்ந்தாலும் நேரட்டும் என்று தைரியம் வந்தது.

டெபியன் குடும்பத்து லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்காக, செய்ததைச் சொல்கிறேன். எந்தப் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் 'டி.எஃப்.' கட்டளையைக் கொடுத்தோம். பூட் பகுதிக்கு நேரே 100 விழுக்காடு என்று வந்தது, நோய் உறுதியாயிற்று. அடுத்து 'யுனேம்' கட்டளையால், இப்போது ஓடுகிற கர்னலின் எண்ணைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டோம். உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டாமல் இருப்பதற்காக. பிறகு வேண்டாத பழையவற்றை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' கட்டளையைக் கொடுத்தோம். அது முரண்டு பிடித்தது. அரைகுறையாக நிற்கும் புதிய கர்னலை முதலில் முடித்தால்தான் ஆயிற்று என்றது. அதை முடிக்கவோ இடமில்லை!

ஆகவே, எல்லாவற்றிலும் மிகப் பழைய கர்னலின் சாவிக்கொத்தை மட்டும் பூட் பகுதியிலிருந்து எடுத்து வீட்டுப் பகுதிக்கு நகர்த்தினோம். அழிக்கவில்லை, நகர்த்தினோம். கொஞ்சம் இடம் பிறந்தது. பாதியில் நின்ற நிறுவல்களையெல்லாம் முடித்துவிடும்படி 'டிபிகேஜி' என்னும் நிரலுக்குச் சொன்னோம். புதிய கர்னலுக்குச் சாவிக்கொத்து தயாராயிற்று. கிரப்பின் பட்டியலும் புதிதாக எழுதப்பட்டது. அதன் பின் 'ஆட்டோரிமூவ்' சாதுவாக வேலை செய்து, மூன்று பழைய கர்னல்களை முறைப்படி நீக்கியது. பூட் பகுதியில் பாதிக்கு மேல் காலி. மறுபடி தொடங்கினோம். புதிய கர்னலோடு எழுந்தது. அட்டவணைகளைத் திருத்தி முடித்தபோது விடுதிப் பால்காரர் வந்துவிட்டார்.

எல்லார் கணினியும் என் கணினி நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. முத்திரையே வராமல் போனால் அப்டேட்டின் மேல் உடனே பழி போட வேண்டாம். பயாஸ் அப்டேட் நடந்திருந்தாலொழிய, நினைவகமோ மின்சாரமோ காரணமாயிருக்கலாம். அது கடைக்காரரிடம் போக வேண்டிய கேஸ்தான். முத்திரைக்குப் பின் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வெற்று வரி வந்து நின்றால், பூட் லோடர் தன் கோப்புகளைக் காணாமல் விழிக்கிறது என்று கொள்க. பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் ஒன்றால் கணினியை எழுப்பி, கோப்புகளைப் படியெடுத்து, கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும்.

அடிக்கடி காண்பது வேறொன்று: எல்லாம் ஓடி முடிந்து, முகப்பு வர வேண்டிய நேரத்தில் திரை இருண்டே இருப்பது. இது பெரும்பாலும் திரைக்குரிய கிராபிக்ஸ் டிரைவரின் சண்டை. கர்னல் புதியது, டிரைவர் பழையது; இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கணினி உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3 விசையை அழுத்தினால், பல கணினிகளில் எழுத்துத்திரை ஒன்று வந்து பெயரைக் கேட்கும். அதுவும் வராவிட்டால், கிரப் பட்டியலில் 'ஈ' எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் 'நோமோட்செட்' என்னும் சொல்லைச் சேர்த்து, எஃப்10 அழுத்தித் தொடங்கலாம். திரைக்கு டிரைவரை எதிர்பார்க்காமல் எளிய முறையில் படம் காட்டு என்பது அதன் கருத்து. இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. படம் வந்தபின் டிரைவரைச் சரி செய்யலாம். விசையின் பேரில் எழுதுவதால் கடினமாகத் தோன்றுகிறது. செய்து பார்த்தால் இரண்டு நிமிடம்.

நம் சங்கத்தில் பெரும்பாலோர் விண்டோஸ் வைத்திருப்பவர்கள். அவர்களுக்குக் கட்டளைகள் வேண்டியதில்லை. தொடர்ந்து இரண்டு மூன்று முறை எழ முடியாமல் போனால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்கு வரும். வராவிட்டால், சுழலும் புள்ளிகள் தோன்றும்போது மின்விசையை நீள அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் வரும். அங்கே 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் கழற்றும் தேர்வு அங்கேயே இருக்கிறது. 'ஸேஃப் மோடு' என்னும் பத்திய முறையிலும் தொடங்கலாம். இன்றியமையாத டிரைவர்கள் மட்டும் ஏறும். அதில் எழுந்துவிட்டால், இடைஞ்சல் செய்வது பின்னர் நாம் சேர்த்த ஏதோ ஒன்று என்பது தெளிவு. 'ரீசெட்' என்ற பெயரில் ஒரு தேர்வு முன்வரிசையிலேயே நிற்கும். அதை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். கோப்புகளை வைத்துக்கொள் என்று சொன்னாலும், நிறுவிய நிரல்கள் போய்விடும்; எல்லாவற்றையும் நீக்கு என்றால் என் வரலாற்று நண்பரின் கதைதான்.

இன்னொன்று. பிட்லாக்கர் என்னும் பூட்டு உங்கள் கணினியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். புதிய கணினிகள் பலவற்றில் நாம் கேளாமலே போடப்பட்டிருக்கிறது. இருந்தால் அதன் மீட்பு எண் 48 இலக்கம். பெரும்பாலும் நீங்கள் விண்டோஸில் நுழையும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்ந்திருக்கும். மீட்புத் திரையில் அதைக் கேட்பார்கள். கணினிக்குள்ளேயே குறித்து வைத்திருந்தால் என்ன பயன்? மறுபடியும் பெட்டிக்குள் சாவி.

இது தனி ஒருவர் துன்பம் மட்டும் அன்று என்பதை 2024 ஜூலை 19ஆம் நாள் உலகமே கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. விண்டோஸ் கர்னலோடு ஒட்டி ஓடும் அவர்களுடைய டிரைவருக்கு அது ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பின் வகை 21 உள்ளீடுகளைக் கொண்டது. நிரல் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி, தனக்குரியதல்லாத நினைவகத்தில் கைவைத்தது டிரைவர், கணினி விழுந்தது. டிரைவர் தொடக்கத்திலேயே ஏறுவதாகையால், எழும்போதெல்லாம் விழுந்தது. 78 நிமிடத்தில் நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்கு அன்று கையால் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள்.

அந்த 85 லட்சத்துக்கும் வைத்தியம் என்ன தெரியுமா? பல இடங்களில் ஸேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்குவதுதான். வட்டைத் துடைக்கத் தேவை ஏற்படவில்லை. ஆனால் ஒவ்வொரு கணினியிடமும் ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டியிருந்த இடங்களில் 48 இலக்கத்தையும் தேட வேண்டியிருந்தது. அதனால்தான் நாள் கணக்கில் இழுத்தது.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியானால் அப்டேட்டே வேண்டாம், நிறுத்தி வைத்துவிடுகிறேன்" என்றார். அதுவும் சரியன்று. 2017 மே 12ஆம் நாள் வான்னாக்ரை என்னும் கேடு பரவி, மருத்துவமனைகளின் கணினிகளைக்கூடப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் நாளே வந்துவிட்டது. போடாதவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். அப்டேட்டைப் போடுங்கள். ஆனால் ஆய்வேடு கொடுக்கும் வாரத்தில் போடாதீர்கள்; போட்டால் அன்றைக்கே ஒரு முறை அணைத்துத் தொடங்கிப் பாருங்கள். பழுது தெரிவதானால் கைக்கு நேரம் இருக்கும்போதே தெரியட்டும்.

கடைக்காரர்களை நான் குறை கூறவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ கணினி பார்க்கிறவர்களுக்குத் துடைத்து நிறுவுவதுதான் நேரம் மிச்சம். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கொடுக்கும்போதே, "டேட்டா நஹீன் ஜானா சாஹியே" என்று தெளிவாகச் சொல்லி, பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தி வராத புதிய மாணவர்கள் கூட ஒரு பழைய மாணவரை அழைத்துச் செல்வது நலம்.

என் ஆய்வேடு திங்கட்கிழமை மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. வரலாற்று நண்பர் இந்தக் கோடையில் ஊருக்குப் போய், மீதமிருக்கும் முதியவர்களிடம் மறுபடி பேசிவிட்டு வந்திருக்கிறார். இம்முறை பதிவுகள் மூன்று இடங்களில் இருக்கின்றன.

பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் ஒன்றைத் தம்பியும் நானும் தயார் செய்து, சங்க அலமாரியின் மேல் தட்டில், கேரம் காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் குறிப்பேட்டில் கையெழுத்திட்டு எடுத்துக்கொள்ளலாம். எழும்பாத கணினியை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எங்கள் அறைக்குக் கொண்டுவந்தாலும் பார்க்கிறோம். வரும்போது நின்ற திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். பென்டிரைவைத் திருப்பித் தர மறக்காதீர்கள், முன்பு வைத்த ஒன்று இன்னும் வரவில்லை.